கடல் பார்க்காத பிள்ளைகள் அச்சிட்ட கடல்

(இணையவழி நேரலையில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம். பேச்சில் திரும்பத் திரும்ப வந்தவற்றை மட்டும் குறைத்திருக்கிறேன்.)

இங்கே ரொறன்ரோவில் காலை பத்து மணி. லண்டனிலும் ஒஸ்லோவிலும் இருப்பவர்கள் மத்தியானச் சாப்பாட்டை முடித்துவிட்டு வந்திருப்பீர்கள். சிட்னியில் இருந்து இரண்டு மூன்று பேர் நித்திரையைத் தள்ளிவைத்துவிட்டு இணைந்திருக்கிறீர்கள். உங்களுக்குத் தனியாக ஒரு நன்றி.

நான் வரலாற்று ஆய்வாளர் இல்லை. சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு எடுக்கிற ஓர் ஆசிரியை. வகுப்பில் நான் செய்த ஒரு பிழைதான் என்னை இந்த வரலாற்றுக்குள் இழுத்துக்கொண்டு போனது. அதனால் இரண்டையும் சேர்த்தே பேசுகிறேன்.

முதலில் ஒரு சின்ன வேலை. பக்கத்தில் ஒரு கடதாசியும் கத்தரிக்கோலும் இருந்தால் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கடதாசியை நீளவாக்கில் ஒரு முறை மடியுங்கள். பிறகு குறுக்காக இரண்டு முறை. விரித்தால் எட்டுக் கட்டங்கள் தெரியும். இனிக் குறுக்காகப் பாதியாக மடித்து, மடிப்பு இருக்கிற பக்கத்திலிருந்து நடுக்கோட்டின் வழியே அடுத்த மடிப்பு வரைக்கும் வெட்டுங்கள். அதற்கு மேல் வெட்டக்கூடாது. மறுபடி விரித்து, நீளவாக்கில் மடித்து, இரண்டு முனைகளையும் உள்ளே தள்ளினால் வெட்டின இடம் வாய் திறக்கும். அப்படியே சுற்றி மடித்தால் உங்கள் கையில் எட்டுப் பக்கப் புத்தகம் ஒன்று இருக்கும். பசையும் வேண்டாம், ஊசி நூலும் வேண்டாம். எழுதியதெல்லாம் கடதாசியின் ஒரே பக்கத்தில் இருப்பதால் போட்டோப் பிரதி எடுப்பதும் சுலபம். ஒரு தாள், ஒரு பிரதி.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. தாளை விரித்துப் பார்த்தால் எட்டுப் பக்கங்களில் நான்கு தலைகீழாக இருக்கும். முதல் முறை செய்கிற பிள்ளைகள் எல்லோரும் அங்கே பிழை விடுவார்கள். இரண்டாவது முறை, மடித்துப் பார்த்துப் பக்க எண்ணைப் பென்சிலால் குறித்துவிட்டுத்தான் எழுதுவார்கள். நான் சொல்லிக் கொடுக்கத் தேவையே இல்லை. தாளே சொல்லிக் கொடுத்துவிடும்.

இதை ஆங்கிலத்தில் ‘ஸீன்’ என்கிறார்கள். ‘மகஸீன்’ என்ற சொல்லின் வால் அது. விஞ்ஞானப் புனைகதை ரசிகர்கள் தங்களுக்குள் சுற்றுக்கு விட்ட சிறு பத்திரிகைகளில் இருந்து வந்தது. 1930இல் சிக்காகோவில் இருந்து வந்த ‘த கொமெட்’ அந்த வகையில் முதலாவது என்று சொல்வார்கள். 1940இல் லூயி ரஸ்ஸல் ஷோவனே என்ற ரசிகர் அவற்றுக்கு ‘ஃபேன்ஸீன்’ என்று பெயர் வைத்தார். 1970களில் லண்டனின் பங்க் இசை இளைஞர்கள் அதைக் கையில் எடுத்தார்கள். மார்க் பெரி 1976இல் தொடங்கிய ‘ஸ்னிஃபின் க்ளூ’வின் தலைப்புகள் ஃபெல்ட் பேனையால் கிறுக்கினது போல இருக்கும். 1990களில் அமெரிக்காவின் இளம்பெண்கள், பெரிய பத்திரிகைகள் எழுதாத தங்கள் வாழ்க்கையைத் தாங்களே எழுதிப் பிரதி எடுத்துத் தபாலில் அனுப்பினார்கள். இப்போது நியூயோர்க்கின் பார்னார்ட் கல்லூரி போன்ற இடங்களில் நூலகங்களே இவற்றைச் சேகரித்து வைத்திருக்கின்றன. பாடசாலை ஆசிரியர்களும் இதை ஒரு கற்பித்தல் முறையாக எடுத்துக்கொண்டார்கள்.

ஆனால் நமக்கு இது புதிது அல்லவே. இதை நாங்கள் கையெழுத்துப் பத்திரிகை என்று சொல்லி வந்தோம். என் அப்பா படித்த காலத்தில் அவருடைய வகுப்பில் ஒன்று நடத்தினார்களாம். ஒரே ஒரு பிரதி. எழுத்து அழகாக இருக்கிற பையன் எழுதுவான், கீறத் தெரிந்தவன் அட்டைப்படம் கீறுவான். வாசித்தவர்கள் கருத்து எழுதுவதற்காகக் கடைசியில் நாலைந்து வெற்றுப் பக்கங்கள். “கதையை விடக் கருத்துப் பக்கத்தில்தான் சண்டை நடக்கும்” என்று அப்பா சிரிப்பார். பிறகு எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் அகதிகளாக ஐரோப்பாவுக்கு வந்தவர்கள் செய்ததும் அதுதான். ஜெர்மனியில் ‘தூண்டில்’, சுவிஸில் ‘மனிதம்’, நோர்வேயில் ‘சுவடுகள்’ என்று எத்தனை சிற்றிதழ்கள். தமிழ் எழுத்துரு கிடைக்காத காலத்தில் கையால் எழுதிப் போட்டோப் பிரதி எடுத்துத் தபால் தலை ஒட்டினவர்கள் அவர்கள். இதைக் கேட்டுக்கொண்டிருப்பவர்களில் சிலர் அந்த வேலையைச் செய்தவர்கள் என்பது எனக்குத் தெரியும்.

இனி என் பிழைக்கு வருகிறேன்.

சில வருடங்களுக்கு முன்னர் என் மகள் அவளுடைய ஆங்கிலப் பாடசாலையில் இந்த எட்டுப் பக்கப் புத்தகத்தைச் செய்துகொண்டு வந்தாள். அதைப் பார்த்துவிட்டு நானும் வகுப்பில் செய்து பார்த்தேன். பதினான்கு பிள்ளைகள். ஒன்பது வயதில் இருந்து பதின்மூன்று வரை. தலைப்பு, ‘எங்கள் ஊர்’. வழக்கமாக இந்தத் தலைப்பைக் கொடுத்தால் எல்லாக் கொப்பிகளிலும் ஒரே கட்டுரைதான் இருக்கும். எங்கள் ஊர் மிகவும் அழகானது, அங்கே பனைமரங்கள் உண்டு, கோயில் உண்டு. அம்மாவோ அப்பாவோ சொல்லச் சொல்லப் பிள்ளை எழுதினது. அந்த ஊரைப் பெரும்பாலான பிள்ளைகள் கண்ணால் கண்டதில்லை. இந்த முறை நான், வகுப்பிலேயே எழுத வேண்டும், உங்களுக்குத் தெரிந்ததை மட்டும் எழுதுங்கள் என்று சொன்னேன்.

ஒரு பதினொரு வயதுப் பையன். அதுவரை மூன்று வரிக்கு மேல் எழுதாதவன். அன்றைக்கு எட்டுப் பக்கமும் நிரப்பினான். ஒரு பக்கத்துக்கு ஒரு வரி, ஒரு படம். ஊரில் ஒரு கிணறு இருக்கிறது, அம்மம்மா சொன்னா. ஊரில் ஒரு நாய் இருந்தது, அதை விட்டுவிட்டு வந்தார்கள். அப்படிப் போய், ஆறாம் பக்கத்தில் இருந்தது இது: ஊர் என்றால் அம்மா போனில் கதைத்துவிட்டு அழுகிற இடம்.

பெற்றோர் தினத்துக்கு எல்லாப் புத்தகங்களையும் பிரதி எடுத்து மேசையில் பரப்பி வைப்பதாக இருந்தோம். அந்த வரியைப் பார்த்ததும் எனக்குப் பயம் வந்துவிட்டது. அந்தத் தாய் பத்துப் பேருக்கு முன்னால் இதை வாசித்தால் என்ன ஆகும்? யாரும் என்னிடம் சொல்லவில்லை, நானாகத்தான் செய்தேன். ஒரு துண்டுக் கடதாசியில் ‘ஊர் அழகான இடம்’ என்று எழுதி, அந்த வரிக்கு மேல் ஒட்டிப் பிரதி எடுத்தேன். பார்த்தால் தெரியாது.

அடுத்த கிழமை அவன் அந்தப் பிரதியைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தான். “ரீச்சர், இது நான் எழுதினதில்லை” என்றான். கோபமெல்லாம் இல்லை. பிழையான ஆளிடம் வந்த கடிதத்தைத் திருப்பிக் கொடுக்கிற மாதிரிக் கொடுத்தான். அந்த வருடம் முழுக்க அவன் மறுபடி மூன்று வரிப் பையன் ஆகிவிட்டான்.

இது எங்கே பிழைத்தது என்று தேடிக்கொண்டு போகும்போதுதான் செலஸ்தான் பிரெனே என்ற பிரெஞ்சு ஆசிரியரிடம் வந்து சேர்ந்தேன்.

பிரெனே 1896இல் பிரான்சின் தென்கிழக்கு மலைப்பகுதியில் கார்ஸ் என்ற கிராமத்தில் பிறந்தவர். ஆசிரியர் பயிற்சிக்கு இடையில் முதலாம் உலகப் போருக்கு அனுப்பப்பட்டார். 1917இல் ஷெமன் தே டாம் போர்முனையில் நெஞ்சில் குண்டு பாய்ந்து நுரையீரல் கெட்டுப்போனது. வருடக்கணக்கில் சிகிச்சை. 1920 ஜனவரியில் பார்-சுர்-லூ என்ற சிறு ஊரின் பாடசாலைக்கு ஆசிரியராக வந்தார். நீண்ட நேரம் சத்தமாகப் பேச அவருக்கு மூச்சு இடம் கொடுக்கவில்லை. அந்தக் காலத்து வகுப்பறையோ ஆசிரியரின் தொண்டையில்தான் நடந்தது. அவர் சொல்லுவார், பிள்ளைகள் எழுதுவார்கள். தொண்டை ஓய்ந்துபோன ஆசிரியர் என்ன செய்வது?

பிள்ளைகளை வெளியே கூட்டிக்கொண்டு போனார். வயல், ஆறு, தச்சர் பட்டறை, நெசவு செய்பவர் வீடு. திரும்பி வந்து, பார்த்ததைப் பிள்ளைகள் சொல்லச் சொல்லக் கரும்பலகையில் எழுதினார். அது நன்றாக நடந்தது. ஆனால் மறுநாள் கரும்பலகையை அழிக்க வேண்டுமே. அதற்குப் பிறகு பாடப்புத்தகத்தைத் திறந்தால், அதில் பிள்ளைகள் பார்த்ததற்கு எந்தச் சம்பந்தமும் இல்லாத ஒரு பாடம் இருக்கும். முகங்கள் வாடிப்போகும்.

பிரெனேயைப் பற்றிப் பேசுகிற எவரும் நத்தைப் பந்தயக் கதையைச் சொல்லாமல் விடமாட்டார்கள். ஒரு நாள் பிள்ளைகள் நத்தைகளைக் கொண்டுவந்து வகுப்பிலேயே பந்தயம் விட்டார்கள். அவர் அதைத் தடுக்கவில்லை. அந்தப் பந்தயமே அன்றைய பாடமாயிற்று. இப்படியான வரிகள் அழிந்துபோகக் கூடாது என்பதற்காக 1924இல் ஒரு சிறிய கை அச்சுப்பொறியை வாங்கி வகுப்புக்குள் வைத்தார். அச்சகத்துக்காரர் செய்கிற வேலையைப் பிள்ளைகளிடம் கொடுத்தார்.

அது எப்படி நடந்தது என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் விஷயம் எல்லாம் அந்த நடைமுறையில்தான் இருக்கிறது. விரும்பினதை விரும்பின நேரத்தில் எழுதலாம். அதைச் சுதந்திர எழுத்து என்று சொன்னார். எழுதினவர் வகுப்புக்கு முன்னால் வாசிப்பார். எதை அச்சிடுவது என்று பிள்ளைகள் வாக்களிப்பார்கள். தெரிவானது கரும்பலகைக்குப் போகும். எழுத்துப் பிழை, வசனப் பிழை எல்லாவற்றையும் எல்லோரும் சேர்ந்து திருத்துவார்கள், எழுதினவரும் கூடவே நிற்பார். பிறகு அச்சுக் கோக்கிற வேலை. ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தலைகீழாக அடுக்க வேண்டும். ஓர் எழுத்து மாறினாலும் நூறு தாளிலும் அந்தப் பிழை வரும். அதனால் சிவப்பு மை இல்லாமலே பிள்ளைகள் எழுத்துக் கூட்டலில் கவனமானார்கள். மை தடவி, தாள் வைத்து, அழுத்தி எடுத்தால் ஒரு பக்கம். ஒவ்வொரு பிள்ளையும் தன் பிரதியைச் சேர்த்துக் கட்டி வைத்துக்கொள்ளும். அதற்குப் பெயர் வாழ்க்கைப் புத்தகம். வாசிப்புப் பாடமும் அதுதான்.

அடுத்த படி இன்னும் முக்கியமானது. 1926இல் பிரான்சின் மறுமுனையில், பிரிட்டனிக் கடற்கரையில் திரெகுங் என்ற ஊரில் இருந்த ரெனே டானியேல் என்ற ஆசிரியரும் அச்சுப்பொறி வாங்கினார். இரண்டு வகுப்புகளும் அச்சிட்ட தாள்களைத் தபாலில் மாற்றிக்கொள்ளத் தொடங்கின. ஒரு பக்கம் மலைக் கிராமத்துப் பிள்ளைகள், மறுபக்கம் கடற்கரைப் பிள்ளைகள். தங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் அங்கே யாருக்கும் தெரியாது. அப்போதுதான் அதை எழுதுவதற்கு ஒரு காரணம் வந்தது. ஆசிரியருக்குத் தெரிந்ததையே ஆசிரியருக்கு எழுதிக் காட்டுகிற அந்த விசித்திரமான வேலை முடிந்துபோனது.

1927இல் இந்த ஆசிரியர்கள் தூர் நகரில் கூடினார்கள். பிள்ளைகளின் எழுத்தை மட்டுமே கொண்ட ‘லா ஜெர்ப்’ என்ற பத்திரிகையும் அந்தக் காலத்தில்தான் தொடங்கியது. கதிர்க்கட்டு என்று பொருள். அச்சுப்பொறி வைத்த வகுப்புகள் பிரான்சைத் தாண்டி ஸ்பெயின், பெல்ஜியம் என்று பரவின.

இதெல்லாம் சந்தோஷமான கதை. ஆனால் பிள்ளைகள் உண்மையாகவே எழுதத் தொடங்கினால் சந்தோஷப்படாதவர்களும் இருப்பார்கள். 1928இல் பிரெனேயும் அவருடைய துணைவி எலிசும் சென்-போல் என்ற ஊருக்கு மாறினார்கள். பாடசாலைக் கட்டடம் மோசமான நிலையில் இருந்தது. திருத்தித் தரச் சொல்லி நகரசபையோடு இழுபறி. அந்தச் சமயத்தில் ஒரு பையன் தான் கண்ட கனவை எழுதினான். இலவசமாகத் தரவேண்டிய கொப்பி பென்சிலைத் தராத மேயருக்கு எதிராக வகுப்பே எழும்புகிறது, கனவில் இவன் மேயரைக் கொன்றுவிடுகிறான். கனவுதான். வகுப்பு அதை அச்சிட்டது. 1932 டிசம்பரில் அந்த வரிகளைப் பெரிய சுவரொட்டிகளாக்கி யாரோ ஊரெல்லாம் ஒட்டினார்கள். இந்த ஆசிரியர் பிள்ளைகளுக்கு என்ன சொல்லிக் கொடுக்கிறார் பாருங்கள் என்று. வலதுசாரிப் பத்திரிகைகள் விஷயத்தைத் தேசியப் பிரச்சினை ஆக்கின. 1933 ஏப்ரலில் ஒரு கூட்டம் பாடசாலையைச் சூழ்ந்துகொண்டது. அந்த வருடமே அவரை அங்கிருந்து மாற்றினார்கள். அவர் அரச வேலையை விட்டு விலகி, வாங்ஸ் என்ற ஊரில் தானே ஒரு பாடசாலை கட்டி 1935இல் திறந்தார். ஸ்பானிய உள்நாட்டுப் போரில் அகதிகளான பிள்ளைகளுக்கு அது பிறகு புகலிடமாயிற்று. 1940இல் அவரைக் கைது செய்து முகாமில் வைத்தார்கள். விடுதலையாகி, நாஜிகளுக்கு எதிரான எதிர்ப்பியக்கத்தில் சேர்ந்தார். 1966இல் காலமானார்.

இந்த இடத்தை வாசிக்கும்போது எனக்குச் சங்கடமாக இருந்தது. சென்-போலில் சுவரொட்டி ஒட்டினவர்களுக்கும் எனக்கும் ஒரு ஒற்றுமை இருந்தது. அவர்கள் பிள்ளையின் வரியை எடுத்துப் பெரிதாக்கி ஒட்டினார்கள். நான் அதன் மேல் ஒட்டி மறைத்தேன். அது யாருடைய வரி என்று இரண்டு பேருமே யோசிக்கவில்லை.

இனி நான் உங்களுக்குச் சொல்ல விரும்பிய முக்கியமான கதை. பிரெனேயின் முறையைக் கற்றுக்கொண்ட ஸ்பானிய ஆசிரியர்களில் ஒருவர் அந்தோனி பெனாய்ஜஸ். கத்தலோனியாவின் கடலோரப் பகுதியில் மொன்ட்ரொய்க் என்ற ஊரில் 1903இல் பிறந்தவர். 1934இல் வடக்கே பூர்கோஸ் மாகாணத்தில் பன்யுவேலோஸ் தே புரேபா என்ற மிகச் சிறிய கிராமத்துக்கு அவரை அனுப்பினார்கள். கடலை விட்டுத் தூரமான, ஏழை விவசாயிகளின் ஊர். தன் சொந்தக் காசில் ஓர் அச்சுப்பொறியும் ஒரு கிராமபோனும் வாங்கி வகுப்பில் வைத்தார். பிள்ளைகள் சிறு சிறு புத்தகங்களாக அச்சிட்டுத் தள்ளினார்கள். இன்றைக்கு அவற்றைக் கையில் எடுக்கும் எவரும் ஸீன் என்றுதான் சொல்வார்கள். சில தாள்கள், பிள்ளைகள் செய்த படங்கள், கையால் கட்டினது.

அதில் ஒன்று 1936 ஜனவரியில் வந்தது. அதன் பெயர் ‘கடல்: அதை ஒருபோதும் பார்த்திராத சில பிள்ளைகளின் பார்வை’. அந்தப் பிள்ளைகள் யாரும் கடலைக் கண்டதில்லை. கடல் எப்படி இருக்கும் என்று ஒவ்வொருவரும் ஊகித்து எழுதினார்கள். எவ்வளவு அகலம், எவ்வளவு ஆழம், அங்கே யார் போவார்கள். வாத்தியார் கூட்டிக்கொண்டு போவதாகச் சொல்கிறார், ஆனால் மூழ்கிவிடுவேன் என்று பயமாக இருப்பதால் நான் வரமாட்டேன் என்று ஒரு பிள்ளை எழுதுகிறாள். அவர் அதைத் திருத்தவில்லை. கடல் அழகானது, நான் போக ஆசைப்படுகிறேன் என்று மாற்றவில்லை. பயந்த பிள்ளையின் பயத்தை அப்படியே அச்சுக்குக் கொடுத்தார்.

அந்தக் கோடை விடுமுறையில் பிள்ளைகளைத் தன் ஊர்க் கடற்கரைக்கு அழைத்துக்கொண்டு போவதாக வாக்குக் கொடுத்திருந்தார். 1936 ஜூலையில் இராணுவக் கிளர்ச்சி வெடித்தது. பூர்கோஸ் உடனேயே கிளர்ச்சியாளர் கைக்குப் போய்விட்டது. அந்த மாதமே பெனாய்ஜஸைப் பிடித்துச் சித்திரவதை செய்து சுட்டுக் கொன்றார்கள். வயது 33. பிள்ளைகள் கடலுக்குப் போகவில்லை.

2010இல் அந்தப் பகுதியில் லா பெத்ராஹா என்ற மலைச்சாரலில் ஒரு மனிதப் புதைகுழியைத் தோண்டினார்கள். நூறுக்கும் மேற்பட்டவர்களின் எலும்புகள். அவரும் அங்கேதான் புதைக்கப்பட்டிருக்க வேண்டும் என்று நம்புகிறார்கள். அந்த வேலையைப் படம் பிடிக்கப் போன செர்ஜி பெர்னால் என்ற புகைப்படக்காரர் இந்த ஆசிரியரின் கதையைக் கேள்விப்பட்டுத் தேடத் தொடங்கினார். பிள்ளைகள் அச்சிட்ட புத்தகங்கள் கிடைத்தன. எழுபது வருடத்துக்கு மேல் யாரோ வீடுகளில் பாதுகாத்து வைத்திருந்த புத்தகங்கள். 2023இல் ‘கடலைக் காட்டுவதாக வாக்களித்த ஆசிரியர்’ என்ற பெயரில் ஸ்பெயினில் படமாகவும் வந்தது.

யோசித்துப் பாருங்கள். புதைகுழி தோண்டுவதைப் பற்றி, காணாமற்போனவர்களைத் தேடுவதைப் பற்றி நமக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. இந்தக் கதையில் என்னைப் பிடித்து நிறுத்தியது வேறொன்று. அந்த ஆசிரியரைப் பற்றிய சாட்சியமாக இன்றைக்கு மிஞ்சியிருப்பது பிள்ளைகள் தங்கள் கையால் அச்சிட்ட சில தாள்கள். அவர் அவற்றைத் திருத்தி அழகாக்கியிருந்தால், அவற்றில் பிள்ளைகளும் இருந்திருக்கமாட்டார்கள், அவரும் இருந்திருக்கமாட்டார்.

ஸ்பெயினிலிருந்து தப்பினவர்களில் பத்ரிசியோ ரெதோந்தோ என்ற ஆசிரியர் மெக்ஸிக்கோவுக்குப் போய், சான் அந்த்ரேஸ் துஸ்த்லா என்ற ஊரில் 1940இல் பிரெனேயின் பெயரிலேயே ஒரு பாடசாலை தொடங்கினார். நாடு கடந்து போனவர்கள் முதலில் கட்டுவது பாடசாலையும் பத்திரிகையும்தான் போலிருக்கிறது.

மீண்டும் என் வகுப்புக்கு வருகிறேன். அடுத்த வருடம் பிள்ளைகளுக்கு பன்யுவேலோஸ் கதையைச் சொன்னேன். கொலையை விபரமாகச் சொல்லவில்லை, போரில் கொல்லப்பட்டார் என்று மட்டும் சொன்னேன். பிறகு, நீங்கள் பார்க்காத ஊரைப் பற்றி எழுதுங்கள் என்றேன். முதல் வருடத் தலைப்பு ‘எங்கள் ஊர்’. இந்த முறை ‘நாங்கள் பார்க்காத ஊர்’. வித்தியாசம் ஒரு சொல்தான். ஆனால் பெரியவர்களிடம் கேட்டு ஒப்புவிக்கிற பாரம் அதில் இல்லை. பார்க்காததை ஊகிக்க எல்லோருக்கும் உரிமை உண்டு. ஒரு பிள்ளை ஊரில் சிவப்பு மண் இருப்பதால் எல்லோருடைய சப்பாத்தும் சிவப்பாக இருக்கும் என்று எழுதினாள். இன்னொரு பிள்ளைக்கு ஊரில் இன்டர்நெட் எப்படி என்பதுதான் கவலை.

மூன்று விதிகளை நான் எனக்கே வைத்துக்கொண்டேன். எழுத்துப் பிழையைப் பிள்ளையோடு இருந்து திருத்தலாம், கருத்தைத் தொடக்கூடாது. யார் வாசிக்கலாம் என்பதை எழுதினவர் முடிவு செய்ய வேண்டும். சில புத்தகங்களுக்கு ஒரே ஒரு பிரதி போதும், ஒரே ஒரு வாசகரும் போதும். மூன்றாவது, ஆசிரியர் அல்லாத ஒரு வாசகர் கட்டாயம் இருக்க வேண்டும்.

அந்த மூன்றாவது விதிக்காக ஒஸ்லோவில் தமிழ் கற்பிக்கும் ஒரு நண்பியைப் பிடித்தேன். எங்கள் பிள்ளைகளின் புத்தகங்களை ஒரு கடித உறையில் போட்டு அனுப்பினோம். ஐந்து கிழமை கழித்து அங்கிருந்து ஒரு கட்டு வந்தது. அன்றைக்கு வகுப்பில் நடந்ததை மறக்கமாட்டேன். எங்கள் பிள்ளைகளுக்கு நோர்வேஜிய மொழி ஒரு சொல் தெரியாது. அங்கே இருக்கிற சின்னப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் இன்னும் வாசிக்க வராது. இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக இருந்தது தமிழ் மட்டும்தான். நான் வருடக்கணக்காகத் தமிழ் படிப்பதற்குக் காரணம் சொல்லிக்கொண்டிருந்தேன். தாய்மொழி, பண்பாடு, அடையாளம் என்று. பிள்ளைகள் தலையை ஆட்டுவார்கள். அன்றைக்கு ஒரு காரணமும் சொல்லத் தேவைப்படவில்லை. ஒருவன் எழுத்துக் கூட்டி வாசிக்கிறான், பக்கத்தில் இருக்கிறவள் “ஸ்கீ என்றுதானே எழுதியிருக்கு” என்கிறாள், மூன்றாவது பிள்ளை பதில் எழுதக் கடதாசி மடிக்கிறது.

மூன்று வரிப் பையனும் எழுதினான். எட்டுப் பக்கமும் இல்லை, நான்கு பக்கம். ஒஸ்லோவுக்கு ஒரு கேள்வி அனுப்பினான். அது என்ன என்று எனக்குத் தெரியாது. உறையை ஒட்டித் தந்தான்.

அவனுடைய அம்மாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். அந்த வருட முடிவில் நான் அவவிடம் நடந்ததைச் சொன்னேன். ஒட்டுத் துண்டோடு இருந்த அந்த முதல் தாளை நான் எறியவில்லை. கோவையில் வைத்திருந்தேன். எடுத்துக் கொடுத்தேன். அவ அங்கேயே நின்று நகத்தால் அந்தத் துண்டை மெல்ல உரித்து எடுத்தா. பசைக்குச்சியால் ஒட்டினது, கிழியாமல் வந்தது. வாசித்தா. நான் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். அவ கையைக் காட்டி நிறுத்திவிட்டு, “இதை எனக்குத் தராமல் ஏன் இவ்வளவு நாளும் வைச்சிருந்தனீங்கள்?” என்று மட்டும் கேட்டா. அவவைக் காப்பாற்றுவதாக நினைத்துத்தான் நான் அந்த வேலையைச் செய்தேன். அவவிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும்.

கையால் செய்து கற்கிற முறை என்று இதைப் பற்றிப் பேசும்போது நாம் வெட்டுவதையும் ஒட்டுவதையும் பற்றித்தான் அதிகம் பேசுகிறோம். அது தேவைதான். ஈய எழுத்தைப் பொறுக்கிற விரலும் கடதாசியை மடிக்கிற விரலும் மூளைக்கு முன்னால் சில விஷயங்களைக் கற்றுக்கொண்டுவிடும். ஆனால் பார்-சுர்-லூவில் பிரெனேயும் பன்யுவேலோஸில் பெனாய்ஜஸும் பிள்ளைகளிடம் கொடுத்தது விளையாட்டுச் சாமான் அல்ல. எதை அச்சிடுவது என்று தீர்மானிக்கிற அதிகாரத்தைக் கொடுத்தார்கள். அதைக் கொடுத்த பிறகு வருவதைத் தாங்கிக்கொள்ளவும் தயாராக இருந்தார்கள். ஒருவர் ஊரை இழந்தார். மற்றவர் உயிரை இழந்தார். நமக்குக் கேட்கப்படுகிற விலை மிகச் சின்னது. பிள்ளை எழுதின வரியை நாங்கள் எங்கள் வசதிக்காக மூடாமல் இருந்தால் போதும்.

பேச்சுத் தொடங்கும்போது மடித்த புத்தகம் இப்போதும் உங்கள் மேசையில் வெறுமையாகத்தான் இருக்கும். இன்றைக்கு வீட்டில் ஒரு பிள்ளையிடம் அதைக் கொடுங்கள். தலைப்புக் கொடுக்காதீர்கள். எழுதி முடித்த பிறகு, யார் வாசிக்கலாம் என்று கேளுங்கள். உங்கள் பெயரைச் சொன்னால் வாசியுங்கள்.